தரையில் கொட்டிய காகிதங்கள்

ஆம்ஸ்டர்டாம் நகரத்தைத் தெருவும் தண்ணீரும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. வாசல்படி இறங்கிப் பத்தடி வைத்தால் கால்வாய். அதன் இரு கரையிலும் குறுகலாக, உயரமாக, ஒன்றின் தோளை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகள். பல வீடுகளின் நெற்றியில் ஓர் இரும்புக் கொக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. "எதுக்குடா இது?" என்று தம்பியைக் கேட்டேன். "மாடிப்படி ரொம்பக் குறுகல் அக்கா. கட்டில், பீரோவையெல்லாம் கயிறு கட்டி வெளிப்பக்கமாத்தான் ஏத்துவாங்க" என்றான்.

அந்த மாதிரி ஒரு கால்வாய்க்கரை வீட்டைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம். பிரின்சன்கிராக்ட் என்பது கால்வாயின் பெயர். இளவரசர் கால்வாய் என்று அர்த்தமாம். கதவிலக்கம் 263. ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி ஒளிந்திருந்த வீடு. அவளுடைய டைரி எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. நம் வாசகியர் பலர் படித்திருப்பீர்கள்.

இந்த வீட்டைப் பார்க்க டிக்கெட் வாங்குவதே ஒரு வைபவம். வாசலில் டிக்கெட் கிடையாது. கம்ப்யூட்டரில்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், ஆறு வாரம் கழித்து வரப்போகும் நாட்களுக்கு டிக்கெட் விடுகிறார்கள். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே தம்பி எடுத்து வைத்துவிட்டான். கூட வந்தது அவன் மகள் வித்யா. பதின்மூன்று வயது. அங்கேயே பள்ளிக்கூடம் போவதால் டச்சு மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அவள்தான் துபாஷி.

"அத்தை, உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. போனைப் பைக்குள்ளே வெச்சுடுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. போட்டோ எடுக்க முடியாத இடத்தில் கண்ணை நன்றாகத் திறந்து பார்க்கத்தானே வேண்டும்!

ஜாம் கம்பெனி

உள்ளே நுழைந்ததும் நாம் பார்ப்பது ஒரு பழைய ஆபீஸ். ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டே யூதர்களுக்கு அங்கே இனி வாழ்வில்லை என்று தெரிந்துகொண்டு, மனைவி எடித், மகள்கள் மார்கோ, ஆன் ஆகியோருடன் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தார். இங்கே அவர் ஆரம்பித்தது என்ன வியாபாரம் தெரியுமா? ஜாம் உறைவதற்குப் போடும் பெக்டின் விற்கும் கம்பெனி! பழத்திலிருந்து எடுக்கும் இந்தப் பொருளைச் சேர்த்தால், வீட்டில் செய்கிற ஜாம் தண்ணீராக ஓடாமல் கெட்டிப்படும். அதை வாங்கியவர்கள் எல்லாரும் நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள்தான்.

மீப் என்ற பெண் 1933-இல் இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆபீஸின் சமையலறையில் நின்று ஜாம் கிண்டுவதுதான் அவருடைய முதல் வேலை. கைப்பழக்கம் வந்த பிறகு, "எங்கள் ஜாம் ஏன் உறையவில்லை?" என்று கேட்கும் இல்லத்தரசிகளுக்குப் பதில் சொல்லும் வேலை. இந்த மீப்பை மறந்துவிடாதீர்கள். கடைசி வரை நமக்கு வேண்டியவர் அவர்தான்.

பிறகு மசாலா சாமான் வியாபாரமும் சேர்ந்துகொண்டது. கீழ்த்தளத்தில் பட்டையும் கிராம்பும் அரைப்பார்களாம். அந்த வாசனையை எனக்கு நன்றாகத் தெரியும்! இவ்வளவு தூரம் பறந்து வந்து, ஒளிந்திருந்தவர்களின் வீட்டில் நம் அஞ்சறைப்பெட்டி வாசனை வீசியது என்று கேள்விப்பட்டபோது, அந்த வீடு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

உயிரை வாங்கிய காகிதங்கள்

இந்த வீட்டைச் சுற்றி வரும்போது எனக்குப் பளிச்சென்று பட்ட விஷயம் ஒன்று. இந்தக் குடும்பத்தின் கதை ஆரம்பம் முதல் முடிவு வரை காகிதத்தால் ஆனது.

ஓட்டோ ஃபிராங்க் அமெரிக்கா போக 1938-லேயே விசாவுக்கு மனுப் போட்டிருந்தார். 1940 மே 10-ஆம் தேதி ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. நான்கு நாள் கழித்து ராட்டர்டாம் நகரத்தின் மேல் குண்டு போட்டார்கள். அங்கிருந்த அமெரிக்கத் தூதரகம் எரிந்தபோது, விசாவுக்குக் காத்திருந்தவர்களின் காகிதங்களும் அதோடு சாம்பலாயின. ஓட்டோ மறுபடியும் கடிதம் மேல் கடிதம் எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை.

அடுத்தது அடையாள அட்டை. யூதர்களின் அட்டையில் 'ஜே' என்ற ஓர் எழுத்தைப் பெரிதாக முத்திரை குத்தினார்கள். அந்த ஒற்றை எழுத்து விழுந்துவிட்டால் பூங்காவில் உட்காரக்கூடாது, சினிமாவுக்குப் போகக்கூடாது, டிராம் வண்டியில் ஏறக்கூடாது, சைக்கிள் வைத்துக்கொள்ளக்கூடாது.

இந்த அட்டைகளின் மறு பிரதிகள் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்தில் அடுக்கடுக்காக இருந்தன. ஒருவருடைய அட்டை பொய்யா, நிஜமா என்று சரிபார்க்க அவை போதும். 1943 மார்ச் 27-ஆம் தேதி, நாட்டுப்பற்று மிக்க சிலர் போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு அந்த அலுவலகத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். அணைக்க வந்த தீயணைப்புக்காரர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? ஆற அமர வந்து, எரியாமல் மிச்சமிருந்த அட்டைகளும் நனைந்து பாழாகும்படி வேண்டுமென்றே தண்ணீரை வாரி இறைத்தார்கள்! இந்தக் காரியத்துக்காகப் பன்னிரண்டு பேரை அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள்.

ஃபிராங்க் குடும்பத்துக்கு வந்த கடைசிக் காகிதம் 1942 ஜூலை 5-ஆம் தேதி வந்தது. பதினாறு வயது மார்கோ ஜெர்மனிக்கு வேலை முகாமுக்குப் புறப்பட வேண்டும் என்ற உத்தரவு. வயதுப் பெண்ணைத் தனியாக எந்தத் தாய் அனுப்புவாள்? மறுநாள் விடிகாலையிலேயே, கொட்டுகிற மழையில், பெட்டி தூக்கினால் சந்தேகம் வரும் என்று உடுப்புக்கு மேல் உடுப்பு போட்டுக்கொண்டு, குடும்பமே வீட்டை விட்டுக் கிளம்பியது. எங்கோ அயல்நாட்டுக்குத் தப்பிவிட்டார்கள் என்று நினைக்கும்படி ஓட்டோ ஒரு துண்டுச் சீட்டை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது அயல்நாடு இல்லை. சொந்த ஆபீஸின் பின்கட்டு!

பின்கட்டு

புத்தக அலமாரி ஒன்று சுவரோடு சுவராக நிற்கிறது. தடித்தடியான ஆபீஸ் ஃபைல்கள் அடுக்கியிருக்கின்றன. அலமாரியே கதவு. பின்கட்டுக்குப் போகும் வழியை மறைக்க 1942 ஆகஸ்டில் இதைச் செய்து பொருத்தினார்கள். ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெப் என்ற பெண்ணின் தந்தைதான் செய்தவர். தலையைக் குனிந்து, காலை உயரத் தூக்கி வைத்து உள்ளே நுழைந்தோம். அதற்கப்புறம் ஏணியா, படியா என்று சொல்ல முடியாத செங்குத்தான படிகள். என் முழங்கால் அன்று பட்ட பாடு தனிக்கதை! முழங்கால் வலி உள்ள சகோதரிகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இந்தப் பின்கட்டில் எட்டுப் பேர். ஃபிராங்க் குடும்பம் நால்வர், வான் பெல்ஸ் தம்பதியும் அவர்கள் மகன் பீட்டரும் மூவர், 1942 நவம்பரில் வந்து சேர்ந்த பல் டாக்டர் ஒருவர். பகலில் கீழே ஆட்கள் வேலை செய்வதால், மேலே காலணி போடக்கூடாது, இருமக்கூடாது, கக்கூசில் தண்ணீர் விடக்கூடாது. ஜன்னலுக்கு அடர்ந்த திரை. வெளிக்காற்று கிடையாது. இப்படி இரண்டு வருஷத்துக்கும் மேலே!

எட்டுப் பேருக்கும் சோறு போட்டது யார்? மீப், அவர் கணவர் யான், பெப், ஆபீஸில் இருந்த இன்னும் இரண்டு ஆண்கள். ரேஷன் காலம் அது. கூப்பன் இல்லாமல் ஒரு துண்டு ரொட்டி கிடைக்காது. ஒளிந்திருப்பவர்களுக்கு ஏது கூப்பன்? யான்தான் ரகசிய வழியில் கூப்பன்களைச் சேகரித்துத் தருவார். மீப் காய்கறி வாங்குவார். பெப் பாலைக் கவனிப்பார். ஒரே கடையில் நிறைய வாங்கினால் சந்தேகம் வரும். கூடையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ரேஷன் கடை வரிசையில் கால் கடுக்க நின்ற நமக்கு அந்தக் கூப்பன் தாளின் அருமை தெரியும். ஆனால் மாட்டிக்கொண்டால் தண்டனை என்று தெரிந்தும், பிறத்தியார் எட்டுப் பேருக்காக நிற்பதற்குத் தனி மனசு வேண்டும்.

மீப் நூலகத்திலிருந்து வாராவாரம் புத்தகம் கொண்டுவந்து தருவார். மார்கோ தபால் வழியில் லத்தீன் படித்தாள். பாடத்தாள்கள் பெப்பின் பெயருக்கு வரும். திருத்தி அனுப்பிய வாத்தியாருக்கு அந்தக் கெட்டிக்கார மாணவி யார் என்றே தெரியாது! எந்த நேரத்தில் பிடிபடுவோமோ என்று பயந்துகொண்டே பாடம் எழுதிய அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

சுவரில் இருப்பவை

அறைகளில் சாமான் ஒன்றும் கிடையாது. கைது நடந்த பிறகு ஜெர்மன்காரர்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிற்பாடு கண்காட்சியாக மாறியபோது, "காலியாகவே இருக்கட்டும்" என்று ஓட்டோ ஃபிராங்க் சொல்லிவிட்டார். கட்டில், மேஜை எப்படி இருந்தன என்று காட்டச் சிறிய மாதிரி வீடு ஒன்று மட்டும் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்த வீட்டில் மிஞ்சியிருப்பது சுவரில் ஒட்டியிருந்த காகிதம்தான்.

ஆனின் அறை. ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுங்கியது. சுவர் முழுக்கப் படம். மகள் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த சினிமா நட்சத்திரப் படங்களையும் தபால் அட்டைகளையும் ஓட்டோ முன்கூட்டியே இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். அவள் பசை தடவி ஒட்டிக்கொண்டாள். கிரேட்டா கார்போ இருக்கிறார். ஜிஞ்சர் ராஜர்ஸ் இருக்கிறார். பிற்பாடு ராணியான எலிசபெத், தங்கையோடு சின்னப் பெண்ணாக இருக்கிறார். டீ குடிக்கும் சிம்பன்ஸிக் குரங்குகள் கூட உண்டு. காலேஜ் ஹாஸ்டலிலும், வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கத்திலும் நாம் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியதில்லையா? அதே காரியம், அதே ஆசை.

வித்யா வெகுநேரம் அங்கேயே நின்றாள். "என்னம்மா?" என்றேன். "என் ரூம்லயும் இப்படித்தான் அத்தை ஒட்டியிருக்கேன். ஆள்தான் வேற" என்றாள் மெதுவாக.

அம்மா, அப்பா இருந்த அறையில் இன்னும் இரண்டு காகிதம். ஒன்று செய்தித்தாளிலிருந்து வெட்டிய பிரான்ஸ் நாட்டு நார்மண்டிப் பகுதியின் வரைபடம். 1944 ஜூன் 6-ஆம் தேதி நேசப்படை அங்கே வந்து இறங்கிய செய்தி ரேடியோவில் கேட்டதும் ஓட்டோ அதை ஒட்டி, படை முன்னேற முன்னேற குண்டூசி குத்திக்கொண்டே வந்தார். விடுதலை எத்தனை விரல்கடை தூரத்தில் இருக்கிறது என்று தினம் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர்!

பக்கத்திலேயே, சுவருக்கு ஒட்டிய பழைய பூக்காகிதத்தின் மேல் பென்சில் கோடுகள். குழந்தைகள் எவ்வளவு உயரம் வளர்ந்தார்கள் என்று பெற்றவர்கள் நிற்க வைத்துப் போட்ட கோடு. நம் வீட்டு நிலைக்கதவிலும் இதே கோடு உண்டு. வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் "அதைத் தொடாதீங்க" என்று சண்டை போடுகிறோமே, அதே கோடுதான். ஆன் அந்த இரண்டு வருஷத்தில் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். கூண்டுக்குள் அடைத்தாலும், அரை வயிற்றுச் சாப்பாடு போட்டாலும், குழந்தை வளரத்தான் செய்கிறது. கொண்டுவந்த துணி எல்லாம் அவளுக்குக் குட்டையாகிவிட்டது. சுவரில் கோடு மேலே ஏறுகிறது, வரைபடத்தில் குண்டூசி நகர்கிறது. எது முந்தப் போகிறது என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முடிவு தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

ஆட்டோகிராஃப் புத்தகம்

மங்கலான வெளிச்சத்தில் ஓர் அறை. கண்ணாடிக்குள் சிவப்புக் கட்டம் போட்ட துணி அட்டையோடு ஒரு சின்னப் புத்தகம். உண்மையில் அது டைரியே இல்லை. ஆட்டோகிராஃப் புத்தகம்! 1942 ஜூன் 12-ஆம் தேதி, பதின்மூன்றாவது பிறந்தநாள் பரிசு. வெளிச்சம் அதிகம் பட்டால் மையும் காகிதமும் வெளுத்துப்போகும் என்பதால்தான் அந்த அறையில் விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒளிவதற்குக் கிளம்பியபோது ஆன் பையில் முதலில் போட்டது இந்தப் புத்தகத்தைத்தான். அது நிரம்பியதும் நோட்டுப் புத்தகங்களில் எழுதினாள். கதைகளை ஒரு கணக்கு நோட்டில் எழுதினாள். யுத்த காலத்தில் காகிதம் ஏது? ஆபீஸில் இருந்த மெல்லிய கலர்த் தாள்களைத்தான் பிறகு அவள் பயன்படுத்தினாள்.

அவளை அவ்வளவு மும்முரமாக எழுத வைத்தது ஒரு ரேடியோச் செய்தி. 1944 மார்ச் 28-ஆம் தேதி, லண்டனிலிருந்து டச்சு மந்திரி ஒருவர் பேசினார். நாட்டு மக்கள் இந்தத் துன்பக் காலத்தில் எழுதிய டைரிகள், கடிதங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும், யுத்தம் முடிந்ததும் அவற்றைச் சேகரிப்போம் என்பது செய்தி. பெரிய பெரிய தஸ்தாவேஜுகளிலிருந்து மட்டும் சரித்திரம் எழுத முடியாது, சாதாரண மனுஷர்களின் காகிதமும் வேண்டும் என்பது அவர் கருத்து. இதைக் கேட்டதும் ஆன் உட்கார்ந்து, எழுதியது அனைத்தையும் மே மாதத்திலிருந்து கலர்த் தாள்களில் திருத்தி எழுத ஆரம்பித்தாள்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். முதல் புத்தகத்தில் இரண்டு பக்கங்களைப் பழுப்புக் காகிதம் ஒட்டி அவளே மறைத்திருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று 2018-இல்தான் வெளியே சொன்னார்கள். காகிதத்தைப் பிரிக்காமலே பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சிப் படம் எடுத்துப் படித்திருக்கிறார்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அந்த வயதுப் பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக் கிசுகிசுக்கும் ஹாஸ்யமும் சந்தேகங்களும்தான்!

கைப்பெட்டியில் இருந்தது

1944 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. போலீஸ் வந்துவிட்டது.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். வந்த அதிகாரி, "நகை, பணம் எல்லாம் எங்கே?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தார்கள். கொண்டுபோவதற்குப் பெட்டி வேண்டுமே! அங்கே ஒரு தோல் கைப்பெட்டி இருந்தது. அதைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தரையில் கொட்டினார். காலிப் பெட்டியில் நகையையும் பணத்தையும் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தரையில் கொட்டியது ஆன் எழுதிய காகிதங்கள்.

எட்டுப் பேரையும், உதவிய ஆண்களில் இருவரையும் கொண்டுபோன பிறகு, மீப்பும் பெப்பும் மேலே ஏறி வந்தார்கள். தரையெல்லாம் தாள். இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். மீப் அவற்றைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார், ஆன் திரும்பி வந்தால் கொடுக்கலாம் என்று. ஒரு வரி படிக்கவில்லை. பிள்ளையாக இருந்தாலும் அவள் எழுதியது அவள் சொத்து என்பது மீப்பின் எண்ணம். பிற்காலத்தில் அவர் ஒன்று சொன்னார். அப்போது படித்திருந்தால் எரித்திருப்பாராம். உதவி செய்த எல்லார் பெயரும் அதில் இருந்ததே! அடுத்தவர் எழுதியதைப் பிரித்துப் படிக்கக்கூடாது என்ற அந்த ஒரு மரியாதைதான் இந்தக் காகிதங்களைக் காப்பாற்றியது.

எட்டுப் பேரும் 1944 செப்டம்பர் 3-ஆம் தேதி புறப்பட்ட ரயிலில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ரயிலில் ஏற்றிய 1,019 பேரின் பட்டியலும் ஒரு காகிதம்தான். பெயர், பிறந்த தேதி என்று வரிசையாக டைப் அடித்தது. எடித் 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸில் இறந்தார். அக்காவும் தங்கையும் அந்த வருஷத் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில், விஷ ஜுரம் பரவிய நேரத்தில், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி அந்த முகாம் விடுதலையானது. எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் ஓட்டோ மட்டும்.

மகள்கள் இல்லை என்று நிச்சயமான பிறகு, மீப் டிராயரைத் திறந்து அந்தக் காகிதக் கட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். புத்தகம் 1947 ஜூன் 25-ஆம் தேதி சுமார் 3,000 பிரதிகளாக வெளிவந்தது. 1950-களில் இந்த வீட்டை இடிக்க ஏற்பாடாயிற்று. ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். 1960 மே 3-ஆம் தேதி காட்சி இல்லமாகத் திறந்தார்கள். 2009-இல் யுனெஸ்கோ இந்த டைரியை உலகின் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மீப் 2010 ஜனவரியில், நூறு வயதில் காலமானார். அன்று பெட்டியில் போன நகைகள் எங்கே என்று இன்று கேட்பார் உண்டா? கொட்டிவிட்டுப் போனதைப் பார்க்க வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

நம் வீட்டுப் பரண்

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், கும்பகோணம் பக்கத்தில் எங்கள் மாமியார் வீடு. அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. வீட்டைப் பிரித்துக் கட்டுவதாக ஏற்பாடு. பரணில் அவருடைய ட்ரங்குப் பெட்டி ஒன்று. பட்டுப் புடவையையும் வெள்ளிச் சாமானையும் நாங்கள் மருமகள்கள் மூவரும் பிரித்துக்கொண்டாயிற்று. பெட்டியில் பாக்கி இருந்தது வெறும் காகிதம்.

விடிந்ததும் பெரிய ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பரண் பெட்டி இருக்கா?"

"இருக்கு. நாளைக்குப் பேப்பர்காரர் வர்றார். பழைய நோட்டு, இன்லண்ட் லெட்டர், கரையான் அரிச்ச பத்திரிகை... ஒண்ணும் தேறாது. எதுக்கு?"

"அதைப் போடாதீங்க அக்கா. நான் வந்து எடுத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவ்வளவு தூரம் போய் ஞாபகம் வந்ததாக்கும் பழைய பேப்பர்!" என்று சிரித்தார். ஆனால் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் அந்தப் பெட்டிதான் முதல் வேலை. பழைய காகிதத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சில முறைகள் உண்டு. உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். இரும்பு துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் அந்தப் பசை பழுப்பாகி, எழுத்தையும் கறைப்படுத்தும். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் செய்யக் கொடுக்காதீர்கள். சூடு பட்ட தாளைத் திரும்ப உருவ முடியாது. செய்தித்தாள் துண்டைக் கடிதத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். மரக்கூழில் செய்த மட்டக் காகிதத்தில் அமிலம் உண்டு. பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கும். போட்டோவின் பின்னால் யார், எந்த வருஷம் என்று மெல்லப் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். ஈரம் இல்லாத, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சுவரை ஒட்டி, தரையில் வைத்தால் கரையானுக்கு விருந்துதான். கைபேசியில் ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். அசலையும் விட்டுவிடாதீர்கள்.

பெட்டியில் தங்கக் காசோ பத்திரமோ இல்லை. கல்யாணப் பத்திரிகைகள், இவர் ஹாஸ்டலிலிருந்து போட்ட கார்டுகள், பழைய ரேஷன் அட்டை, கெட்டி அட்டை போட்ட ஏழு கணக்கு நோட்டுகள். இவரிடம் ஒன்றைக் கொடுத்தேன். பால் கணக்கு, சலவைக் கணக்கு, எண்ணெய், புளி என்று பக்கம் பக்கமாக மாமியாரின் குண்டு குண்டான எழுத்து. அவர் ஐந்தாவது வரைதான் படித்தவர். வாயைத் திறந்து தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் கணக்குக்கு நடுவே, ஓரமாக, ஒற்றை வரியில் எழுதியிருக்கிறார்: 'இன்று நல்ல மழை. வேலை சீக்கிரம் முடிந்தது. திண்ணையில் உட்கார்ந்தேன்.' வேறொரு பக்கத்தில்: 'சின்னவனுக்கு ஜுரம் விட்டது. சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்தேன்.'

சின்னவன் என்பது இவர்தான். நோட்டை வாங்கிய மனிதர் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

பெரிய ஓரகத்தி போன வாரம் வந்திருந்தார். ஏழு நோட்டையும் மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை படித்தார். கிளம்பும்போது, "இதுல ரெண்டை நான் எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். துணிப்பையில் சுற்றிக் கொடுத்தேன்.